சம்பளம் கூட்டியும் டிரைவர் நிற்கவில்லை. எங்கே தப்பு?

சங்ககிரி சரக்கு:

என்கிட்ட 6 லாரி. 12 சக்கரம் நாலு, 10 சக்கரம் ரெண்டு. சேலம், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஏற்றி மும்பை. திரும்பும்போது நவி மும்பை கலம்போலியில் இரும்பு, அது கிடைக்காவிட்டால் நாசிக் வெங்காயம். போக வர 2,500 கிலோமீட்டர். சம்பளம் டிரிப் கணக்கு. 12,000 இருந்ததை 14,000 ஆக்கியாச்சு. சாப்பாடு டிரைவர் கைக்காசு. டீசல், டோல், ஏற்றுக்கூலி, வழிச்செலவு எல்லாம் ஓனர் பொறுப்பு. இருந்தும் மூணு நாலு மாசத்துக்கு மேல் ஆள் தங்கறதில்லை. சண்டை போட்டுக்கிட்டும் போறதில்லை. ‘ஊர்ல வேலை இருக்குங்க’ன்னு சாவியைக் கொடுத்துட்டுப் போயிடறாங்க.

மாதச் சம்பளத்துக்கு மாறலாமா? மைலேஜ் போனஸ் வைத்தால் நிற்பாங்களா? இல்லை, இது எல்லா இடத்திலும் இருக்கிற ஆள் தட்டுப்பாடுதானா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டிரிப் ஷீட்:

14,000 என்பதைத் தொகையாகப் பார்க்காதீங்க, நாளால் வகுத்துப் பாருங்க. டிரைவர் அப்படித்தான் பார்க்கிறார்.

ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் என்று வைத்தால் போக மூணேகால் நாள், வர மூணேகால் நாள். ஏற்ற ஒரு நாள், இறக்க ஒன்றரை நாள், ரிட்டர்ன் லோடுக்கு ரெண்டு மூணு நாள். சரளமாகப் போனால் 12 நாளில் முடியும். சாப்பாடு, டீ, குளியல் என்று நாளுக்கு 400 ரூபாய் வைத்தால் 4,800 போய் 9,200 மிச்சம். நாளுக்கு 766.

இப்போது சரக்கு வாங்குகிற பார்ட்டி குடோனில் இடம் இல்லை என்று ரெண்டு நாள், கலம்போலியில் லோடு இல்லாமல் இன்னும் ரெண்டு நாள் கிடந்தால் 16 நாள். சம்பளம் அதே 14,000. சாப்பாடு 6,400. மிச்சம் 7,600, நாளுக்கு 475. டிரைவர் பக்கம் ஒரு தப்பும் கிடையாது, ஆனால் அந்த நாலு நாளின் நஷ்டம் முழுக்க அவர் மேல் விழுந்திருக்கு. நீங்கள் கூட்டிக் கொடுத்த 2,000, அதாவது நாளுக்கு 125, அப்படியே கரைஞ்சு அதுக்கு மேலேயும் போயாச்சு. ஊரில் கல்லூரிப் பஸ் ஓட்டினால் இதைவிட ரொம்பக் குறையாது, ராத்திரி வீட்டுச் சோறு. சாவியைக் கொடுக்காமல் என்ன செய்வார்?

சம்பளத்தை இப்படிப் பிரிச்சுப் பாருங்க. மாதத்துக்கு 2 டிரிப், 24 நாள், 5,000 கிலோமீட்டர் என்ற கணக்கில்:

நிலையான தொகை 9,000. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வீதம் 10,000. வண்டியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் படி 400, அது 9,600. மொத்தம் 28,600. இப்போது நீங்கள் கொடுப்பது 28,000. வித்தியாசம் 600 ரூபாய்தான்.

இதோடு ஏற்றும் இடத்திலோ இறக்கும் இடத்திலோ முதல் 24 மணி நேரம் தாண்டினால் நாளுக்கு 500 காத்திருப்புப் பணம். ஒரு டிரிப் அப்படி நாலு நாள் இழுத்தால் படி 1,600-ம் காத்திருப்பு 2,000-ம் சேர்ந்து 32,200 ஆகும். 28 நாள் சாப்பாடு போக டிரைவருக்கு நாளுக்கு 750 நிற்கும். பழைய கணக்கில் அதே 28 நாளுக்கு 600-தான். 600-க்கும் 750-க்கும் நடுவில்தான் உங்க ஆள் போறதும் தங்கறதும் இருக்கு.

கூடுதல் 4,200-ஐ நீங்கள் பார்ட்டியிடம் ஹால்டிங்காக, அதாவது வண்டியைக் காக்க வைத்ததுக்கான கட்டணமாக வசூலிக்கணும். அது உங்க வேலை. டிரைவர் தலையில் கட்ட முடியாது.

பழைய பெர்மிட்:

நாளுக்கு 400 படி, நின்னா 500 காசு. கேட்க நல்லாத்தான் இருக்கு. அப்படிக் கொடுத்தா வண்டி ஹூப்ளி பைபாஸ் தாபாவுல ரெண்டு நாள் ஓய்வெடுக்கும். டிரிப் கணக்கு எதுக்கு வந்துச்சுன்னு நினைக்கறீங்க? ஓட்டினா காசு, ஓட்டலைன்னா இல்லை, அவ்வளவுதான். மாசச் சம்பளத்துக்கு மாத்தின வண்டிங்க மாசம் ஒன்றரை டிரிப்புக்கு இறங்கின கதை நாமக்கல் பேட்டையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. வண்டிக் கடன் டியூ கட்டறது யாரு?

டிரிப் ஷீட்:

அது முழு மாதச் சம்பளத்துக்குப் பொருந்தும். இங்கே படியைத் தள்ளிட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் கிலோமீட்டர் காசு இருக்கே அண்ணா, நின்றால் அவருக்கும் நஷ்டம். காத்திருப்புப் பணம் எல்லா இடத்திலும் கிடையாது; கேட் என்ட்ரி சீட்டு போட்ட நேரத்திலிருந்து வெளியே வந்த நேரம் வரை மட்டும். ஜிபிஎஸ்ஸில் வண்டி பார்ட்டி வாசலில் நிற்குதா தாபாவில் நிற்குதா என்று தெரிஞ்சுடும். ரிட்டர்ன் லோடுக்கு நிற்கும் நாளுக்குப் படி மட்டும், காத்திருப்புப் பணம் மூணாம் நாளிலிருந்து. அந்தத் தேதிக்குள் லோடு பிடிக்க வேண்டியது உங்க புக்கிங் ஏஜென்ட் பொறுப்பு.

ஒன்று மட்டும் ஒத்துக்கறேன். ஒரே நாளில் எல்லா வண்டிக்கும் மாத்தாதீங்க. ரெண்டு வண்டியில் மூணு மாசம் ஓட்டிப் பார்த்துட்டு மத்ததுக்குப் போங்க.

ஏர் பிரேக்:

மைலேஜ் போனஸ் பற்றிக் கேட்டிருந்தீங்க. உங்க ரூட்டில் அதை ரொம்ப யோசிச்சு வைக்கணும்.

கணக்குக்கு இனிப்பாகத்தான் இருக்கும். 2,500 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 3.75 கிடைத்தால் 667 லிட்டர், 4 கிடைத்தால் 625. டீசல் 92 என்று வைத்தால் 42 லிட்டரில் 3,860 ரூபாய் மிச்சம், பாதியை டிரைவருக்குக் கொடுத்தாலும் லாபம். ஆனால் அந்த 42 லிட்டரை டிரைவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? இறக்கத்தில் நியூட்ரல் போட்டு. மும்பை போகும்போது புனேயில் கத்ரஜ் சுரங்கம் தாண்டி நவலே பாலம் வரை இறக்கம், அப்புறம் கண்டாலா மலைப்பாதை. வீட்டுக்கு வரும்போது தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய். ரெண்டு பக்கமும் லோடு வண்டி பிரேக் பிடிக்காமல் முன்னால் நிற்கும் கார்களில் ஏறிய விபத்துகள் எத்தனையோ. அவற்றில் பலதுக்கு நியூட்ரலே காரணமாகச் சொல்லப்பட்டிருக்கு.

நியூட்ரலில் எக்ஸாஸ்ட் பிரேக் (என்ஜினை வைத்தே வேகத்தைக் குறைப்பது) வேலை செய்யாது. முழு எடையையும் பிரேக் லைனர்தான் தாங்கணும். சூடேறினால் பிடிமானம் போயிடும். என்ஜின் ஐடிலிங்கில் இருப்பதால் கம்ப்ரசர் காற்று ஏற்றுவதும் மெதுவாகும், அடிக்கடி மிதித்தால் பிரஷர் இறங்கிக்கிட்டே வரும். இத்தனைக்கும் டீசல் மிச்சம் ஆகிறதா என்றால் அதுவும் கிடையாது. காமன் ரெயில் என்ஜினில் கியர் போட்டபடி ஆக்சிலேட்டரை விட்டுட்டால் இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். இதை டிரைவரை உட்கார வைத்து ஒரு தடவை சொல்லுங்க, நிறைய பேருக்குத் தெரியாது. ஏறும்போது என்ன கியரோ இறங்கும்போதும் அதே கியர்.

போனஸ் வைத்தே ஆகணும் என்றால் டிரிப் வாரியாக வைக்காதீங்க. மூணு மாசச் சராசரியில் வைங்க, லோடு எடையைக் கணக்கில் எடுங்க. ஜிபிஎஸ்ஸில் இறக்கத்தில் வேகம் தாண்டியிருந்தால் அந்தக் காலாண்டு போனஸ் இல்லை என்று எழுதிடுங்க.

ஏசி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2025 அக்டோபர் 1-க்கு மேல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம். புது வண்டி எடுத்துட்டு, ஏசி போடாத பழைய வண்டி மைலேஜை இலக்காக வைத்தால் மே மாசம் சோலாப்பூர் வெயிலிலும் டிரைவர் ஏசியை அணைச்சுட்டுத்தான் ஓட்டுவார். ஏசி போட்டு ஓடும்போது வருகிற மைலேஜை வைத்து இலக்கு போடுங்க.

பிஎஸ் 6 வண்டியில் யூரியாக் கணக்கும் பாருங்க, புகையைச் சுத்தம் செய்யத் தனி டாங்கில் ஊற்றும் கரைசல் அது. டீசலில் சுமார் 5 சதவீதம் போகும், உங்க டிரிப்புக்கு 33 லிட்டர் பக்கம். ரோட்டோரம் கேனில் விற்கிற மட்டமான யூரியா ஊற்றினால் சென்சார் பிழை காட்டி என்ஜின் இழுவையைக் குறைச்சுடும். அப்புறம் சர்வீஸ் ஆள் வரும்வரை டிரைவர் ரோட்டில். பம்ப்பில் சீல் கேன் வாங்கப் பணம் கொடுத்திருக்கீங்களா, இல்லை வழிச்செலவில் பார்த்துக்கோ என்று சொல்லியிருக்கீங்களா?

சங்ககிரி சரக்கு:

வழிச்செலவில்தான் போகுது. மாத்திடறேன்.

வேறொரு விஷயம். ‘ஆக்சிடென்ட் ஆனா 10 வருஷம் ஜெயிலாம்’னு சொல்லி ரெண்டு பேர் போனாங்க. அது உண்மைதானா?

ஏட்டுக் கணக்கு:

அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதா 106(2). விபத்தில் உயிர் போய், போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடிவிட்டால் 10 ஆண்டு வரை என்கிற பிரிவு. 2024 ஜனவரி முதல் வாரம் லாரிகள் நின்றது இதுக்காகத்தான். 2024 ஜூலை 1-ல் மத்த பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஒன்றை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். நடைமுறையில் இருப்பது 106(1), கவனக்குறைவால் மரணத்துக்கு 5 ஆண்டு வரை.

டிரைவர் செய்ய வேண்டியது மோட்டார் வாகனச் சட்டம் 134-ல் இருக்கு. அடிபட்டவருக்கு மருத்துவ உதவிக்கு ஏற்பாடு பண்ணணும். கூட்டம் அடிக்க வருகிற நிலை என்றால் அதுக்கு விலக்கு உண்டு. அங்கிருந்து விலகிப் பக்கத்து ஸ்டேஷனில் சீக்கிரமாக, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் சொல்லிடணும். ‘ஓடிப் போ’ என்று போனில் சொல்லும் ஓனரால்தான் டிரைவர் மாட்டிக்கிறார். 112-க்கு அடிச்சுட்டு அழைப்புப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்க.

மேலே சொன்ன சம்பளப் பிரிப்பில் ஒரு ஓட்டை இருக்கு. ஏட்டில் 9,000 மட்டும் எழுதிடாதீங்க. அது குறைந்தபட்சக் கூலிச் சிக்கலைக் கொண்டுவரும் என்பது ஒரு பக்கம். பெரிய சிக்கல் இழப்பீட்டில். பணியில் டிரைவர் இறந்தால் இழப்பீடு என்பது மாதக் கூலியில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்கி வரும் தொகை. கூலிக்கு உச்சவரம்பு 15,000 என்று 2020-ல் அறிவித்தார்கள். 30 வயதுக்குக் காரணி 207.98. ஏட்டில் 15,000-க்குக் குறையாமல் இருந்தால் 15,59,850 ரூபாய். 9,000 என்று இருந்தால் 9,35,910. ஏட்டில் எழுதாமல் விட்ட கிலோமீட்டர் காசால் குடும்பத்துக்கு 6 லட்சத்துக்கு மேல் குறையுது. கிலோமீட்டர் காசையும் கூலியாகவே எழுதி, பேங்க் வழியாக அனுப்புங்க. கையில் கொடுக்கும் காசுக்குச் சாட்சி கிடையாது.

பாலிசித் தாளை எடுத்துப் பாருங்க: ‘ஊதியம் பெறும் டிரைவர், கிளீனர்’ என்ற வரியில் எத்தனை பேருக்குப் பிரீமியம் கட்டியிருக்கு என்று. ஒருத்தருக்குக் கட்டிட்டு ரெண்டு பேரை அனுப்பினால் ரெண்டாவது ஆளுக்கு நீங்களே கட்ட வேண்டி வரலாம். தொகையை ஒரு மாசத்துக்குள் கட்டாமல் இழுத்தால் 12 சதவீத வட்டி, அதுக்கு மேல் இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் வரலாம்.

சின்னச் செலவில் செய்யக்கூடியது: பேங்க் கணக்கு வழியாகச் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய், ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு 436 ரூபாய் (சேர 50 வயதுக்குள்). ஒரு டிரைவருக்கு 456. அவர் கணக்கிலிருந்து பிடிப்பார்கள், நீங்கள் திருப்பிக் கொடுத்துடுங்க. அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு இல்லையென்றால் பதிய வையுங்க. இதெல்லாம் செய்கிற ஓனரை டிரைவர் வீட்டில் பெண்கள்தான் முதலில் கவனிப்பாங்க. அடுத்த வண்டிக்கு மாறலாமா வேண்டாமா என்ற பேச்சில் அவங்க குரலும் உண்டு.

அப்புறம், ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் விட்டுடுங்க. டிஜிலாக்கர் நகல் செல்லும் காலத்தில் அதை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. வந்த அன்றைக்கே அவநம்பிக்கையைக் காட்டின மாதிரிதான் ஆகும்.

கிளீனர் சீட்:

மூணாவது கேள்விக்கு யாரும் வரவில்லை. தட்டுப்பாடு நிஜம், ஆனால் ‘இளைஞர்கள் கஷ்டப்படத் தயாரில்லை’ என்று முடிக்கிற பேச்சில் எனக்கு ஒப்புதல் இல்லை.

முன்பு டிரைவர் உருவானது கிளீனர் சீட்டில். ரெண்டு மூணு வருஷம் தார்பாய் கட்டி, ஜாக்கி போட்டு, காலி வண்டியை யார்டில் நகர்த்தி, அப்புறம் நெடுஞ்சாலை. வாடகையில் மிச்சம் குறையக் குறைய ஓனர்கள் முதலில் வெட்டியது அந்தச் சீட்டை. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியும் 2018-ல் போச்சு. இப்போது ஒரே ஆள் ஓட்டி, காவல் இருந்து, தார்பாய் கட்டி, பில்லும் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் கற்றுக்கொண்டு வருகிறவன் யாரும் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு எட்டாம் வகுப்பு நிபந்தனையும் போயிடுச்சு, ஆனாலும் ஆள் வரவில்லை. கதவு அடைச்சதால் வராமல் இல்லை, உள்ளே இருப்பது பிடிக்கவில்லை.

வேலை மாறிப் போகும் வழிகளும் கூடியிருக்கு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை லைட் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆன்லைன் கடைகளின் டெலிவரி வேனுக்கு அது போதும், ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம். ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் குடோன்களில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு ஷிப்ட் நேரம் உண்டு, பி.எஃப். உண்டு. அங்கேயும் கான்ட்ராக்ட் மூலம் எடுப்பதால் 11 மாசத்தில் மாத்துகிற சிக்கல் இருக்கு, சொர்க்கம் கிடையாது. ஆனால் பெண் பார்க்கிற வீட்டில் ‘கம்பெனியில வேலை’ என்று சொல்லலாம். லாரி டிரைவர் என்றால் என்ன பதில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

வளைகுடாவும் உண்டு. அங்கே போகிறவர்கள் பதிவு பெற்ற ஏஜென்டிடம் சட்டப்படி கொடுக்க வேண்டிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000-மும் ஜிஎஸ்டியும்தான். அதுக்கு மேல் கேட்டால் யோசிக்கணும்.

உங்களால் செய்ய முடிவது: 6 வண்டியில் ஒன்றில் கிளீனர் சீட்டைத் திரும்பக் கொண்டுவாங்க. 18-ல் லைட் லைசென்ஸ் எடுக்கலாம், டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு 20 வயசும் லைட் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமும் ஆகணும். அந்த இடைவெளியில்தான் பையன்கள் வேறு வேலைக்குப் போயிடறாங்க. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் கனரகப் பயிற்சி 6 வாரம், 38 மணி நேரம். ஆனால் லோடோடு கணவாய் இறங்குவதும் குறுகிய குடோன் வாசலில் பின்னால் எடுப்பதும் அங்கே முழுசாக வராது, பக்கத்துச் சீட்டில்தான் வரும்.

விடுப்புக்கும் கணக்கு வையுங்க. 6 வண்டிக்கு 6 டிரைவர் என்றால் ஒருத்தர் காய்ச்சலில் படுத்தால்கூட வண்டி நிற்கும். அதனால் லீவு கேட்கிறவரிடம் நீங்கள் முறைப்பீங்க, அவர் ஒரேயடியாக லீவு எடுத்துக்குவார். 7 பேர் வையுங்க. ஊருக்கு வந்த வண்டியை அந்த ஏழாவது ஆள் எடுத்துக்கொண்டு போகட்டும், வந்தவர் ஒரு டிரிப் வீட்டில் இருக்கட்டும். இதில் தகராறு வருவது ஒப்படைப்பில்தான்: ‘டீசல் குறைச்சலா இருந்துச்சு’, ‘ஸ்டெப்னி மாறியிருக்கு’. ஓடோமீட்டர், டீசல் அளவு, டயர் நம்பர்கள், ஜாக்கி, தார்பாய், கயிறு எல்லாம் ஒரு தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. 10 நிமிஷ வேலை.

பழைய பெர்மிட்:

ஏழாவது ஆள் யோசனை சரி. அதை மறுக்கலை. ஆனா ஹால்டிங்கை எந்தப் பார்ட்டி தர்றான்? கேட்டா அடுத்த லோடு வேற வண்டிக்குப் போயிடும்.

சங்ககிரி சரக்கு:

அதேதான். பார்ட்டி எழுதியே தர மாட்டேங்கறாங்க.

டிரிப் ஷீட்:

தனி ஒப்பந்தம் கேட்காதீங்க, சரக்கு ஏற்றும்போது கொடுக்கிற எல்ஆர் (லாரி ரசீது) தாளிலேயே அச்சடிச்சுடுங்க: ‘வண்டி வந்து 24 மணி நேரத்துக்குப் பின் நாளொன்றுக்கு ஹால்டிங் 2,000’. நாலு நாளும் பார்ட்டி வாசலில் நின்றதென்றால் 8,000. அதிலிருந்து டிரைவருக்குக் கூடுதலாகப் போகும் 4,200 போனாலும் மிச்சம் இருக்கு. புக்கிங் போடும்போதே வாட்ஸ்அப்பில் அந்த வரியை அனுப்பி ‘சரி’ என்று ஒரு பதில் வாங்கிக்கோங்க.

டிரைவர் செய்ய வேண்டியது ரெண்டு. கேட்டில் நுழைந்ததும் என்ட்ரி சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பணும். இறக்கி முடிச்சதும் பிஓடியில் (சரக்கு வந்து சேர்ந்ததுக்கான அத்தாட்சித் தாள்) வந்த நேரம், போன நேரம் ரெண்டையும் எழுதி முத்திரை வாங்கணும். பெரும்பாலான ஹால்டிங் பணம் போவது இந்த ரெண்டாவது இடத்தில்தான். முத்திரை இருக்கும், நேரம் இருக்காது. ஒரு மாசம் கழிச்சு வாடகை பேலன்ஸ் வாங்கப் போனால் ‘அன்னைக்கே இறக்கிட்டோமே’ என்பாங்க. நேரம் எழுதி வாங்கி வருகிற டிரைவருக்கு வசூலான ஹால்டிங்கில் ஒரு பங்கு என்று சொல்லிப் பாருங்க, மறக்காமல் வாங்கி வருவார்.

சரக்கோடு போகிற ஜிஎஸ்டி இ-வே பில்லையும் பார்த்துக்கோங்க. அது செல்லுவது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், உங்க 1,250-க்கு 7 நாள். முடியும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம். ராத்திரி 12-க்கு முடியுது என்றால் சாயங்காலமே ஆபீசில் யாராவது நீட்டிச்சுடணும். விட்டால் வரி அதிகாரி பிடிக்கும்போது பேப்பருக்காக ரோட்டில் கிடப்பது டிரைவர்தான்.

ஹால்டிங் தராத பார்ட்டியைப் பற்றி: ஆறு மாசக் கணக்கை எடுத்து, பார்ட்டி வாரியாக வாடகையை வண்டி பிடிச்ச நாளால் வகுத்துப் பாருங்க. வாடகை அதிகம் கொடுக்கிற பார்ட்டி எல்லாம் அப்போது மேலே வராது. கடைசியில் வருகிற ரெண்டு பேரிடம் மட்டும் ஹால்டிங் கேளுங்க, போனால் போகட்டும்.

பழைய பெர்மிட்:

10 சக்கரத்துக்கும் 2,000-மே கேட்கறதா? அதுக்கு 1,500 போடுங்க, ஒத்துக்குவாங்க.